அங்கே மேலே யாரும் நிற்கவில்லை

லடாக் முகாம்
11 ஜூன் 2025

அன்புள்ள சௌந்தர்யாவுக்கு,

போர்வெல் போடும் ரிக் வண்டியும் நாங்களும் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறதா, அபிநயா பள்ளிக்கூடம் போகிறாளா, கோழிகள் வெயிலைத் தாங்குகின்றனவா என்று எழுது.

போன் செய்யவில்லை என்று கோபப்படாதே. இது எல்லைப் பகுதி. செக்போஸ்ட்டிலேயே எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பும்போதுதான் கிடைக்கும். முகாமில் சிக்னலும் கிடையாது. பத்து நாளைக்கு ஒரு தடவை ஜீப் லே நகரத்துக்குப் போய் வருகிறது. தபால் அதில்தான். நான் பத்தாம் வகுப்பில் எழுதிய விடுமுறை விண்ணப்பத்துக்குப் பிறகு எழுதும் முதல் கடிதம் இது. பிழையை மன்னித்துவிடு.

இங்கே ஒரு மரம் இல்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. நம்ம ரிக்கின் மூத்த ஆள் கருப்பண்ணன்கூட, "ஏனுங்க தம்பி, இங்க காத்தையும் ரேஷன்ல போடறாங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் வீட்டு வள்ளியாத்தாள் அக்காவிடம் அவர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சொல்லிவிடு.

ஆராய்ச்சிக்குத் தலைவர் ஜெர்லின் மேடம். நம்ம சேலத்துக்காரர். "திருச்செங்கோட்டு ரிக் இல்லாம நான் போக மாட்டேன்னு டில்லியில சண்டை போட்டேனுங்க" என்கிறார். பள்ளத்தாக்கின் நடுவில் வெந்நீர் ஊற்றுகள் ஆவி விட்டுக்கொண்டிருக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு ஆள் ஆழத்துக்குக் கீழே மண்ணும் தண்ணீரும் சேர்ந்து கல்லாக உறைந்து கிடக்கிறது. இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் மேடம் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாராம். செவ்வாய் கிரகத்தில் இப்படித்தான் இருக்குமாம்.

"தண்ணி யாருக்குங்க மேடம்?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்லீங்க. தண்ணி பீச்சிக்கிட்டு வந்தா வேலை கெட்டுதுன்னு அர்த்தம்."

இத்தனை வருஷமும் தண்ணீர் வர வேண்டும் என்று தேங்காய் உடைத்தவன். வரக்கூடாது என்று உடைத்தது இதுதான் முதல் தடவை. ஆகஸ்ட் கடைசிக்குள் வேலை முடிந்துவிடும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜெகதீஸ்வரன்


வெண்ணந்தூர்
27 ஜூன் 2025

அன்புள்ள அபிநயா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே குளிருக்கு உடம்பு ஒத்துக்கொள்கிறதா? நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா என்று உங்கள் அப்பா கேட்கச் சொன்னார். முட்டிவலி அப்படியேதான். ஆனால் தண்ணீர்த் தெளிப்பானைத் திறக்க யாரையும் விடுவதில்லை, அவரேதான் கோழி ஷெட்டுக்கு நடக்கிறார். போன வாரம் வெயிலில் கொஞ்சம் கோழிகள் போய்விட்டன. இப்போது பரவாயில்லை.

அப்பா செவ்வாய்க்குப் போயிருக்கிறார் என்று அபிநயா வகுப்பில் சொல்லியிருக்கிறாள். "எந்தச் செவ்வாய்க்கிழமை வருவாரு?" என்று டீச்சர் கேட்டாராம். வந்து பையை எறிந்துவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். செவ்வாயில் எரிமலையும் பனிக்கட்டியும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று விளக்கி எழுதச் சொல்கிறாள். டீச்சரிடம் காட்ட வேண்டுமாம்.

தங்கமுத்து மாமா வந்திருந்தார். நீங்கள் உறைந்த மண்ணில் துளை போடுகிறீர்கள் என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "கல்லுன்னா நம்பலாம் சாமி. கல்லு மாதிரி இருக்கறதை நம்பக்கூடாது" என்றார். அவர் மத்தியப் பிரதேசத்தில் மாட்டிக்கொண்ட, துளை போடும் இரும்பு ராடுகளைக் குழிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்னும் ஊரில் அவர் 'ராடு விட்ட தங்கமுத்து'தான். அவர் மகன் கல்யாணத்தில் மைக்கிலேயே அப்படிக் கூப்பிட்டார்களே, நீங்களும்தான் சிரித்தீர்கள். அதனால் அவர் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் எழுதத் தோன்றியது.

ஆடிப் பதினெட்டுக்கு நீங்கள் இல்லாமல் ஆற்றுக்குப் போகப் போகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்,
சௌந்தர்யா


முகாம்
9 ஜூலை 2025

அன்புள்ள சௌந்தர்யாவுக்கு,

சளி இல்லை என்று அப்பாவிடம் சொல். நீயும் வெயிலில் ஷெட்டுக்குள் அதிக நேரம் நிற்காதே. முதல் துளை முடிந்தது. ஏழு ராடு இறங்கியது.

அபிநயாவுக்காக மேடத்திடம் கேட்டு எழுதுகிறேன். செவ்வாயில் இப்போது மழை இல்லை, ஆறு இல்லை. ஆனால் பல இடங்களில் மண்ணுக்குக் கீழே பனிக்கட்டி இருக்கிறது. பூமியில் எங்கும் காணாத அளவு பெரிய எரிமலைகளும் அங்கே இருக்கின்றன. எரிமலைக் குழம்பு கீழேயிருந்து ஏறி வந்து அந்தப் பனிக்கட்டியைத் தொட்டால் என்ன ஆகும் என்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி.

இட்லிப் பானையை நினைத்துக்கொள். அடியில் சூடு. மேலே கனமான மூடி. உறைந்த நிலம்தான் மூடி. பனிக்கட்டி கீழ்ப்பக்கத்திலிருந்து கரையும், மேலே ஒன்றும் தெரியாது. கரைந்த தண்ணீர் போக வழியில்லாமல் அழுத்தத்தோடு நிற்கும். ஒரு நாள் எங்காவது மூடி பிளக்கும். அணை உடைந்த மாதிரி தண்ணீர் வெளியேறும். தண்ணீர் போன பிறகு அடியில் வெறும் பொக்கை. மேலே இருந்த நிலம் அப்படியே உள்ளே விழும். செவ்வாயில் அப்படி விழுந்த இடங்களைப் படத்தில் காட்டினார்கள். நம்ம மாவட்டத்தையே உரலில் போட்டு இடித்த மாதிரி இருக்கிறது.

வேறு சில இடங்களில் குழம்பு பனி கலந்த மண்ணுக்கு மேலே ஓடியிருக்கிறது. அடியில் ஆவி பொங்கி வெடித்து, வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கூம்புகள் நிற்கின்றன.

அந்த எரிமலைகள் எல்லாம் செத்துவிட்டன என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்களாம். அங்கே இறக்கிய ஒரு கருவி நிலம் அதிர்வதைக் கேட்டிருக்கிறது. அடியில் இன்னும் சூடு இருக்கலாம் என்கிறார் மேடம். சூடும் பனியும் சந்திக்கிற விளிம்பில்தான் தண்ணீர் தண்ணீராக இருக்கும், உயிர் என்று ஒன்று இருந்திருந்தால் அங்கேதான் தேட வேண்டும் என்கிறார். சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். நம்ம ஊரில் தோட்டத்துக்காரர் முதல் ஈரமண் வரும்போது பார்ப்பாரே, அந்த மாதிரி.

இங்கே ஒரு தொந்தரவு. ஊரில் சாயங்காலம் இஞ்சினை அணைத்துவிட்டு, ராடைக் குழிக்குள்ளேயே விட்டுவிட்டுத் தூங்கப் போவோம். கருங்கல் எங்கும் ஓடாது. இங்கே தினமும் எல்லா ராடையும் மேலே எடுத்துவிட வேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. விட்டால் குழிக்குள் கசிந்த தண்ணீர் உறைந்து பிடித்துக்கொள்ளும். கருப்பண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "நட்ட நாத்தைப் பொழுதோட புடுங்கி, விடிஞ்சா மறுபடி நடற பொழப்பு" என்கிறார்.

அடுத்த துளை ஊற்றுக்குப் பக்கத்தில். விளிம்பு அங்கேதான் இருக்கிறதாம்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்,
ஜெகதீஸ்வரன்


வெண்ணந்தூர்
25 ஜூலை 2025

அன்புள்ள அபிநயா அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? அபிநயா உங்கள் கடிதத்தை டீச்சரிடம் காட்டினாள். அவர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினாராம். இரண்டு நாளாக வீட்டில் நாங்கள் யாரும் அவளோடு சரிசமமாகப் பேச முடியவில்லை.

அவள் திருப்பிக் கொடுத்ததும் நான் மறுபடி படித்தேன். அடுப்பில் இட்லிப் பானை இருந்தது. மூடி ஆடிக்கொண்டிருந்தது.

செவ்வாயில் நிலம் இடிந்து விழுந்தபோது அங்கே மேலே யாரும் நிற்கவில்லை. இங்கே நீங்கள் நிற்கிறீர்கள். லாரியின் கனம், ரிக்கின் கனம், கம்ப்ரசர் கனம், கருப்பண்ணன் அண்ணன், மற்ற ஆட்கள் எல்லாரும் அந்த மூடியின் மேல்தான். இது மேடத்துக்குத் தெரியாமல் இருக்காது. உங்களுக்கும் தெரியாமல் இருக்காது. பிறகு ஏன் ஊற்றுக்குப் பக்கத்தில் போகிறீர்கள்? முதல் துளை போட்ட இடத்திலேயே இன்னொன்று போட்டால் ஆகாதா?

உங்கள் அப்பாவிடம் சொன்னேன். "அவனுக்குத் தெரியாததா, அம்மிணி? பதினாறு வயசுல ரிக் ஏறுனவன்" என்றார். அவருக்கு அது தைரியம் தருகிறது. எனக்குத் தரவில்லை. உங்களுக்குத் தெரிந்தது நம்ம ஊர் நிலம்.

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். மற்ற விஷயம் எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

சௌந்தர்யா


முகாம்
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சௌந்தர்யாவுக்கு,

நலமாக இருக்கிறோம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். ஜீப் கிளம்பப் போகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆடிப் பதினெட்டு இங்கேயும் நடந்தது. ஆறு இல்லாததால் வெந்நீர் ஊற்றில் குளித்தோம். கருப்பண்ணன் வெல்லம் போட்டுப் பொங்கல் வைத்தார். இந்த உயரத்தில் அரிசி வேகவே மாட்டேன் என்றது. மேடம் எங்களோடு உட்கார்ந்து, கடிபடாத பொங்கலையும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

வானம் நன்றாக இருக்கிறது. காற்று மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஒரு சின்ன சந்தேகம். தங்கமுத்து மாமா அன்றைக்கு எத்தனை நாள் முயற்சி செய்து பார்த்தார், என்னென்ன செய்து பார்த்தார் என்று சும்மா கேட்டு எழுது. ஆட்கள் சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அபிநயாவைப் படிக்கச் சொல்,
ஜெகதீஸ்வரன்


வெண்ணந்தூர்
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அபிநயா அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டு இனி பிரயோஜனம் இல்லை. நீங்கள் எப்படியும் நலம் என்றுதான் எழுதுவீர்கள். எத்தனை ராடு இறங்கியது என்று இந்தத் தடவை எழுதவில்லை. நான் கேட்ட ஒரே கேள்விக்கும் பதில் இல்லை.

தங்கமுத்து மாமாவைத் தேடி அவர் மரவள்ளிக் காட்டுக்கே போனேன்.

"ஏனுங்க மாமா, அந்த மத்தியப் பிரதேசத்துல எத்தனை நாள் மெனக்கெட்டீங்க?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். "உன்ற ஊட்டுக்காரன் மாட்டிக்கிட்டானா, சாமி?"

"சும்மா கேட்டு எழுதச் சொன்னாரு."

"இதை ஆரும் சும்மா கேக்க மாட்டாங்க."

வரப்பில் உட்காரச் சொன்னார். தானும் உட்கார்ந்தார். "முதல்ல நாம ராடை இழுப்போம். கொஞ்ச நாள் போனா ராடு நம்மள இழுக்கும். சோறு இறங்காது. அதை எடுக்காம ஊருக்குள்ள எப்படிக் கால் வெக்கறதுன்னே ஓடும். செயின் போட்டுப் பார்த்தோம், ஜாக்கி போட்டுப் பார்த்தோம்."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"வண்டியோட முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிருச்சு. அதுக்கு மேல இழுத்தா ராடு வருமா, வண்டி கவுருமான்னு தெரியல. இஞ்சினை அணைச்சுட்டேன். அன்னிக்கு அந்த வண்டியில இருந்த ஆறு பேரும் இன்னிக்கும் உசுரோட இருக்கறாங்க. அதுல ரெண்டு பேருதான் என்னைய ராடு விட்டவன்னு ஜாஸ்தியாக் கூப்படறது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மகன் கல்யாணத்தில் நான் சிரித்தது ஞாபகம் வந்தது.

ராடு மாட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். ஊரில் என்ன பேர் வைத்தாலும் வைக்கட்டும். மைக்கில் கூப்பிட்டால் நானும் உங்களோடு மேடைக்கு வருகிறேன். கருப்பண்ணன் அண்ணனையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்தை விட்டு வெளியே வாருங்கள். வள்ளியாத்தாள் அக்கா தினமும் வாசலில் வந்து, "லெட்டர் வந்துச்சா?" என்று கேட்கிறார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. 

சௌந்தர்யா


முகாம்
16 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சௌந்தர்யாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் அபிநயாவும் நலம்தானே? போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். உன்னைப் பயப்படுத்த வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது வழி கிடைத்துவிட்டதால் எழுதுகிறேன்.

இரண்டாவது துளையில் ராடு மாட்டிக்கொண்டது. ஆடிப் பதினெட்டு அன்று மத்தியானம் வேலையை நிறுத்திவிட்டுக் குளித்து, வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் படைத்தோம். அதற்குப் பிறகுதான் ராடு உள்ளே இருப்பது ஞாபகம் வந்தது. எங்கள் வண்டிப் பழக்கம் உனக்குத் தெரியும். பொட்டு வைத்த இஞ்சினை அன்றைக்கு மறுபடி ஸ்டார்ட் செய்வதில்லை; இஞ்சின் ஓடாமல் ராடை மேலே ஏற்ற முடியாது. கருப்பண்ணன் முடியவே முடியாது என்றார். எனக்கும் மனசு வரவில்லை. ஊற்றுக்குப் பக்கத்து மண் சூடாகத்தானே இருக்கும், ஒரு ராத்திரியில் என்ன உறைந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டோம். மேடம் கேட்டபோது காலையில் எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் அது அசையவில்லை. அந்த இடத்தில் அடியில்தான் சூடு. மேலே முழுக்கப் பனி.

ஒரு வாரத்துக்கு மேல் இழுத்துப் பார்த்தோம். பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. பக்கத்திலேயே வெந்நீர் கொட்டிக் கிடக்கிறது. ஊற்றிலிருந்து ஹோஸ் போட்டு, பம்ப் வைத்து, ராடைச் சுற்றி வெந்நீரை இறக்கினால் பிடி விட்டுவிடும் அல்லவா? மேடமும் யோசித்துவிட்டுச் சரி என்றார். அவருக்கு வேறு ஒரு சந்தோஷம். பக்கத்தில் ஒரு சின்னத் துளைக்குள் வெப்பம் அளக்கிற ஒயரை இறக்கியிருக்கிறார். பனிக்குள் சூடு எப்படி ஏறுகிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவாகிறது. "செவ்வாயில நடக்கறதைக் கைக்குள்ள வெச்சுப் பார்க்கற மாதிரிங்க" என்கிறார்.

நேற்று ராடு கொஞ்சம் சுற்றிக் கொடுத்தது. கருப்பண்ணன் கைதட்டினார். வண்டியைத் தாங்குகிற பின்பக்க ஜாக்கி ஒன்று லேசாக மண்ணில் இறங்குகிறது, பலகை வைத்திருக்கிறோம். இன்னும் கொஞ்ச நாள்தான். ராடோடு வருவேன்.

ஜெகதீஸ்வரன்


வெண்ணந்தூர்
26 ஆகஸ்ட் 2025

அபிநயா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. நான் பதினான்காம் தேதி எழுதியது உங்களுக்குக் கிடைத்ததா?

மூடி கீழ்ப்பக்கத்திலிருந்து கரையும், மேலே ஒன்றும் தெரியாது என்று எழுதியது நீங்கள். அதை வகுப்பில் வாசித்தார்கள். இப்போது நீங்களே அந்த மூடிக்குள் வெந்நீர் விடுகிறீர்கள். ஜாக்கி இறங்குகிறது, பலகை வைத்தோம் என்று, ஏதோ கட்டிலுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

லேயில் இருக்கிற ஆராய்ச்சி அலுவலகத்து எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். எனக்கு இந்தி வராது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற இந்தியை வைத்து அபிநயா பேசினாள். முகாமில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார்கள். எந்தத் தேதி வரைக்கும் நன்றாக இருந்தார்கள் என்று கேட்கச் சொன்னேன். அடுத்த ஜீப் வந்ததும் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அபிநயா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதே பக்கத்தில் இருக்கிறாள். உங்கள் அப்பா ஷெட்டுக்குப் போய் வெகுநேரமாகிறது.

பம்ப்பை நிறுத்துங்கள்.

சௌந்தர்யா


லே
29 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சௌந்தர்யா அவர்களுக்கு,

உங்களை நான் பார்த்ததில்லை. என் பெயர் ஜெர்லின். உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

இருபத்துநான்காம் தேதி மத்தியானம் ஜீப் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தது. அவர் நின்றபடியே படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கருப்பண்ணனிடம் போய், "பம்ப்பை நிறுத்துங்க. ராடை விட்டுட்டுப் போறோம்" என்றார்.

"நெசமாத்தான் சொல்றீங்களா தம்பி?"

"நெசந்தானுங்க. ஊட்டுல சொல்லிட்டாங்க."

கருப்பண்ணன் உடனே போய்ப் பம்ப்பை அணைத்தார். அவர்கள் எல்லாரும் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. சாயங்காலத்துக்குள் ரிக்கின் தூணைப் படுக்க வைத்து, ஜாக்கிகளை எடுத்து, வண்டியைக் கெட்டித்தரைக்கு நகர்த்திவிட்டார்கள்.

என் வெப்பமானி ஒயரும் பதிவுப் பெட்டியும் அங்கேயே இருந்தன. அந்த அளவுகளுக்காக நான் சில வருடங்கள் அலைந்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்து, "உங்க ஒயரை எடுத்துட்டு வந்தர்றேனுங்க மேடம்" என்றார். நான் போகச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதை அவர் உங்களிடம் சொல்ல மாட்டார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது நிலம் உள்வாங்கியது. சத்தமே இல்லை. முழங்கால் வரை கொதிசேற்றில் இறங்கிவிட்டார். பெட்டியை என் பக்கம் எறிந்துவிட்டுத்தான் கையை நீட்டினார். கருப்பண்ணன் பலகை போட்டு, அதன் மேல் படுத்து இழுத்தார். மறுநாள் காலையில் வண்டி நின்ற இடம் முழுக்கக் குழியாகக் கிடந்தது. வழியில் ரோடு அடைபட்டிருந்ததால் இருபத்தேழாம் தேதிதான் அவரை லே மருத்துவமனையில் சேர்க்க முடிந்தது.

அந்தப் பெட்டியில் அளவுகள் இருக்கின்றன. பனிக்கூரை மேலே ஒரு விரிசல்கூடக் காட்டாமல் அடியில் எவ்வளவு வேகமாக இளகுகிறது என்பது அதில் தெரிகிறது. நான் தேடியது அதைத்தான். என்னால் இன்னும் அதை முழுதாகப் பார்க்க முடியவில்லை.

இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே வெந்திருக்கின்றன. வலது கால் தேறிவிடும் என்கிறார் டாக்டர். இடது காலைப் பற்றிப் பத்து நாள் கழித்துத்தான் சொல்ல முடியுமாம். உங்களுக்குத் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். உங்கள் எண்ணையும் தரவில்லை. கருப்பண்ணனையும் தர விடவில்லை. இந்த முகவரி உங்கள் உறையின் பின்பக்கத்திலிருந்து எடுத்தது. என் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். எந்த நேரத்திலும் கூப்பிடுங்கள். திட்டுவதற்காக என்றாலும் சரி.

உங்கள் வீட்டில் அனைவரின் நலத்துக்கும் ஜெபிக்கிறேன்,
ஜெர்லின்


முகாம்
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சௌந்தர்யாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லாரும் சௌக்கியம்தானே?

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடி ராடை விட்டுவிட்டோம். இப்போது சந்தோஷமா? தங்கமுத்து மாமாவிடம் சொல், பக்கத்தில் எனக்கும் ஒரு இடம் போட்டு வைக்கட்டும்.

வண்டியை மற்றவர்கள் கொண்டு வருவார்கள். எனக்கு மட்டும் மேடத்தோடு கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது. வர செப்டம்பர் கடைசி ஆகலாம். கவலைப்பட ஒன்றும் இல்லை. குளிர் ஆரம்பித்துவிட்டதால் அதிகம் வெளியே நடப்பதில்லை. சாப்பாடு வேளாவேளைக்குப் படுக்கைக்கே வந்துவிடுகிறது. இந்த மாதிரி ராஜபோகம் நம்ம வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

அபிநயாவிடம், செவ்வாயைப் பற்றி இன்னும் நிறையச் சொல்ல இருக்கிறது, நேரில் வந்து சொல்கிறேன் என்று சொல். அப்பாவை மருந்தை விடாமல் போடச் சொல்.

சீக்கிரம் வாரேன்,
ஜெகதீஸ்வரன்


லே, மருத்துவமனை
9 செப்டம்பர் 2025

அன்புள்ள அபிநயா அப்பாவுக்கு,

உங்கள் அப்பா நலம். அபிநயா நலம், அவளைத் தங்கமுத்து மாமா வீட்டில் விட்டிருக்கிறேன். நானும் நலம்தான். படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது.

இதைத் தபாலில் போடப் போவதில்லை. உங்கள் கட்டிலிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊசி போட்டிருக்கிறார்கள், தூங்குகிறீர்கள். கோயம்புத்தூரில் விமானம் ஏறினேன். டில்லியில் மாற வேண்டியிருந்தது, வழி கேட்டுக் கேட்டு வந்தேன். மேடம் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். சின்ன வயசுதான். என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவரைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தேன். "சாப்பிட்டீங்களா?" என்றுதான் வாயில் வந்தது. இல்லை என்றார். இரண்டு பேரும் போய்ச் சாப்பிட்டோம்.

வாசலில் கருப்பண்ணன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "நானொண்ணுஞ் சொல்லலீங்க அம்மிணி. தம்பி என்னையத் தப்பா நெனைக்கப்படாது" என்றார். இரண்டு முன்கைகளிலும் கட்டு. மேடம் எழுதிய கடிதத்தில் அவர் கையைப் பற்றி ஒன்றும் இல்லை. அவரிடமே கேட்டேன். "இது கட்டா? குளுருக்குச் சுத்தியிருக்கறனுங்க" என்றார். நீங்கள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறீர்கள். வள்ளியாத்தாள் அக்காவுக்கு நானே போன் செய்து உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடைசிக் கடிதமும் எனக்குக் கிடைத்தது. முகாம் என்று மேலே எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றிச் சண்டை பிறகு.

டாக்டரும் நர்ஸும் வந்துவிட்டார்கள். இன்றைக்குக் கட்டைப் பிரித்து, இடது காலைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம். வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் போகவில்லை. மேடம் இந்தியில் என்னவோ சொன்னார், விட்டுவிட்டார்கள்.

உங்கள் இமை அசைகிறது. இதை மடித்து உங்கள் கையில் வைக்கப் போகிறேன். கண் விழித்ததும் முதலில் என் முகத்தைப் பாருங்கள். காலை அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்.

சௌந்தர்யா